கடப்பாரைக்கு ஓர் உதாரணம்

பழைய மரச்சாமான் விற்கும் அந்தத் தெருவில், ஒருவருக்கு மேசை வேண்டுமென்றால் அவர் ஸ்டூலைப் பாராட்டியாக வேண்டும். ஸ்டூலின் கால் உறுதியைப் பற்றி ஐந்து நிமிடம், அதன் விலை அநியாயம் என்று பத்து நிமிடம், ‘சரி, விடுங்க, வேணாம்’ என்று வாசல்வரை போய்த் திரும்புவது ஒரு தடவை. அதற்கப்புறம்தான், போகிற போக்கில் கண்ணில் பட்டதுபோல, ‘அந்த ஓரத்துல கிடக்கற மேசையையும் சேத்துப் போட்டுக் குடுத்துடுங்களேன்’ என்று வாயைத் திறக்கலாம். விற்பவருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நிற்பதுதான் அவருடைய தொழில். ஒரு தடவை இரண்டு பக்கமும் நடிப்பு அளவு மீறிப் போய், சாப்பாட்டு மேசை வாங்க வந்த ஒருவர் மூன்று ஸ்டூலோடு வீடு போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து கேட்க அவருக்கு வெட்கம். கூப்பிட்டுக் கொடுக்கக் கடைக்காரருக்கு வெட்கம். அந்த மேசையைக் கடைசியில் கரையான்தான் வாங்கிக்கொண்டது, பேரமே பேசாமல்.

இப்படிப்பட்ட தெருவில் யாராவது வந்து நின்று, விரலை நீட்டி, ‘இது எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டால் அதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். கடப்பாரை. ‘ஆளு சுத்தக் கடப்பாரைங்க.’ ‘என்னப்பா, கடப்பாரையா கேக்கறே?’ தெருவில் பிறந்த வார்த்தை தெருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது பஸ் ஏறி ஊர் முழுக்கப் போய்விட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார்களும், ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பவர்களும், புதுமணத் தம்பதிகளும்கூட ஒருவரையொருவர் கடப்பாரை என்று திட்டிக்கொண்டார்கள். அது எங்கிருந்து கிளம்பியது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தெருவில் பழைய அலமாரி விற்கும் அலமாரியக்காவுக்குத் தெரியும். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவளுக்குக் காதுமடல் சூடாகும். அது அவளுடைய அப்பாவால் வந்த வார்த்தை.

நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், இரண்டு வியாபாரிகள் ஒரு அலமாரிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதராக அப்பா நடுவில் புகுந்து, கடப்பாரையைக் கொண்டுவந்து அலமாரியின் கதவைப் பெயர்த்துவிட்டார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கதை. ஏன் என்று ஒரு தடவை கேட்டதற்கு அவர், ‘வழியை மறைச்சுது, உடைச்சேன்’ என்றார். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் அந்த நீளத்தில்தான் வரும். கதவு பெயர்ந்த நாளிலிருந்து தெருவில் அவளுக்கு ‘கடப்பாரை பொண்ணு’ என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கிசுகிசுத்தார்கள். வந்தவர்களில் ஒருவன் காபி டம்ளரைத் தொடுவதற்கு முன்பே, ‘எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு, அவங்களுக்கு என்னைப் புடிச்சிருக்கான்னு கேளுங்க’ என்று போட்டு உடைத்தான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். பாலிஷ் போடுகிறவன். மரத்தைத் தேய்த்துத் தேய்த்து நெளிவு சுளிவெல்லாம் தெரிந்தவன், பேச்சில் மட்டும் உளியால் நேராக இழுத்த கோடு.

அப்பாவின் பெயரைக் கழுவவேண்டுமென்றே அவள் தெருவிலேயே பெரிய நாசூக்குக்காரியானாள். வாங்க வருபவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. முகம் எதை வேண்டுமானாலும் சொல்லும். அவள் காலைப் பார்ப்பாள். வாய் ஸ்டூலைப் புகழ்ந்தாலும் கால் கட்டைவிரல் தனக்கு வேண்டியதைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவளிடம் பேரம் பேசி ஜெயித்ததாக நினைத்துச் சந்தோஷமாகப் போனவர்கள் நிறைய. ஜெயித்தவர்கள் குறைவு.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு பேரம் எட்டு மாதமாக முடியவில்லை. பக்கத்துக் கடை.

பக்கத்துக் கடை கண்ணாடி மாமாவுடையது. பழைய கண்ணாடி விற்பவர். உறவுமுறையில் மாமா இல்லை, தெருவுக்கே மாமா. அக்காவின் கடை அவர் கடைக்குப் பின்புறம், கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது. அவள் வாசலுக்கு வரும் சந்தில் ஒரு ஆள் போகலாம், ஒரு குடை போகலாம், மூன்று கதவு அலமாரி போகாது. அதனால் அவளுடைய சரக்கெல்லாம் மாமாவின் கடைக்குள் ஓரமாக விட்டிருந்த நடை வழியாகத்தான் வேனுக்குப் போகும். அவள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். காகிதம் எதுவும் கிடையாது. மாமா எழுபதைத் தாண்டிவிட்டார், மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார், கடையை விற்கப்போகிறார் என்பது தெருவுக்கே தெரிந்தது. வேறு யாராவது வாங்கினால் நடை போச்சு. நடை போனால் அக்காவுக்குக் கடை போன மாதிரிதான்.

எட்டு மாதமாக அவள் கடையைக் கேட்கிறாள், கடை என்ற வார்த்தையைச் சொல்லாமல். முதலில் அவருடைய ஏணியை இரவல் கேட்டாள். பிறகு கூரை ஒழுகுகிறதா என்று அக்கறையாக விசாரித்தாள். அப்புறம் கண்ணாடி வாங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு ஜாடை. பதினாலு கண்ணாடி வாங்கியாகிவிட்டது. வீட்டில் மாட்டச் சுவர் போதவில்லை. அவள் கணவன் பல் தேய்க்கும்போது பதினோரு பேர் கூடவே தேய்த்தார்கள்.

“இன்னும் ஒரு கண்ணாடி வந்தா நான் வெளியூர் போயிடுவேன்” என்றான் அவன். “கடை வேணும்னு கேட்டா என்ன, நாக்கு அழுகிடுமா?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது. வேணும்னு முதல்ல சொன்னவ தோத்தவ.”

“அவரும் விக்கறேன்னு முதல்ல சொல்ல மாட்டாரு. ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டீங்க. கடை யாருக்குப் போகும்?”

அதற்கு ஒரு நாள் காலையில் பதில் வந்தது. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு புது ஆள் மாமாவின் கடைக்குள் இறங்கினான். மிஷின் வெட்டிய புத்தம்புது சோபா விற்கும் ஷோரூம் போடப்போகிறானாம். நீளம் அளந்தான், அகலம் அளந்தான், நடையை அளந்தான். நடையின் மறுகோடியில் நின்ற அக்காவைப் பார்த்துச் சிரித்து, “இந்த இடத்துல செங்கல் வச்சு அடைச்சுடுவோம்மா. தூசி வராது உங்களுக்கு” என்று நல்லது செய்கிற குரலில் சொன்னான். மாமாவிடம் விலை கேட்டான். மாமா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. பதில் சொல்றேன்” என்றார்.

அக்கா கடைக்குத் திரும்பி வந்து ஒரு அலமாரியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நாலு மணிக்குள் மாமாவிடம் பேசியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? பதினைந்தாவது கண்ணாடியா?

அந்த நேரம் பார்த்துத்தான் அகராதியம்மா வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும், தோளில் துணிப்பை, கையில் கட்டம் போட்ட அட்டைக் கட்டு. பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி போடும் அலுவலகத்திலிருந்து வந்தவள். இந்த மாதம் ‘க’ வரிசை நடந்துகொண்டிருந்தது.

“கடப்பாரைங்கற சொல்லு” என்றாள், உட்கார்ந்தும் உட்காராமலும். “நாசூக்கில்லாம நேராப் போட்டு உடைக்கறதுன்னு பொருள் எழுதியிருக்கேன். அது சரியா? எப்படிப் பொறந்ததுன்னு தெரியணும். உதாரணத்துக்கு ஒரு வாக்கியமும் வேணும். அது யாராவது நெஜமாப் பேசினதா இருக்கணும், நானா ஜோடிக்கக் கூடாது. அலுவலகத்துல ரொம்பக் கண்டிப்பு.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதுவும் ஒரு கடப்பாரைதான்.

“இங்க வேற யாரையும் கேக்கலையா?”

“மூணு கடையில கேட்டேன். தண்டவாளம் போடறவங்க பேச்சுன்னு ஒருத்தர். சுவத்துல கன்னம் வைக்கற திருடங்க பேச்சுன்னு இன்னொருத்தர். மூணாமவர் எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு, கட்டில் ஒண்ணு சல்லிசா இருக்கு, பாக்கறீங்களான்னு கேட்டார்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் பெரிய தலைகளுக்கெல்லாம் கதை தெரியும். வெளியாள் முன்னால் அவள் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று, ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே, ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் மட்டும் சளைத்தவளா? “அது பழைய கட்டடம் இடிக்கறவங்க பேச்சுங்க” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். “அவங்ககிட்ட மரச்சட்டம், ஜன்னல் எல்லாம் வாங்குவோம்ல. அப்படியே ஒட்டிக்கிச்சு.”

அகராதியம்மா எழுத ஆரம்பித்தாள்.

“எழுதாதீங்க” என்று நடையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அது பொய்.”

கண்ணாடி மாமா ஏணியைச் சுமந்துகொண்டு நின்றார். இந்த எட்டு மாதத்தில் அவர் நாலாவது தடவையாக அந்த ஏணியைத் தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறார், அவள் கேட்காமலே. அது அவருடைய ஜாடை என்பதை அக்கா இத்தனை நாள் கவனிக்கவில்லை. தன் ஜாடையிலேயே மும்முரமாக இருந்துவிட்டாள்.

“மாமா, வாங்க. முட்டி வலி எப்படியிருக்கு?” என்று பேச்சைத் திருப்பப் பார்த்தாள்.

“முட்டி கிடக்கட்டும்.” அவர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அகராதியம்மாவுக்கு எதிரில், விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “எழுதிக்கோம்மா. மூணு கதவு அலமாரி. நல்ல தேக்கு. பூட்டியிருந்தது, சாவி இல்லே. விக்க வந்தவரு உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலே. யாராவது அலமாரியை அசைச்சா மட்டும் ‘ஐயோ, மெதுவா, மெதுவா’ம்பாரு. அசைச்சா உள்ள டங்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான் அவரு செஞ்ச பேரம். வாங்க வந்தவனுக்கு அந்தச் சத்தம் மூளைக்குள்ள போயிடுச்சு. வெள்ளிப் பாத்திரமா இருக்குமோ, நகைப் பெட்டியா இருக்குமோ. ஆனா வாயைத் திறந்து கேக்கலாமா? கேட்டா உள்ள இருக்கறதுமேல ஆசைன்னு தெரிஞ்சுடுமே. அதனால கதவோட மரத்தைப் பத்திப் பேசினான். கைப்பிடியைப் பத்திப் பேசினான். ஒரு நாள் இல்லே, மூணு நாள். நடுத்தெருவுல, இவங்கப்பா கடைக்குப் போற சந்தை அடைச்சுக்கிட்டு அலமாரி நிக்குது. தெருவே வேடிக்கை பாக்குது. விலை ஏறிக்கிட்டே போகுது. ஒரு கட்டத்துல அந்தப் பைத்தியக்காரன் கடையையே எழுதித் தரேங்கற அளவுக்கு வந்துட்டான்.”

“அப்புறம்?”

“இவங்கப்பா வந்தாரு. ‘உள்ள என்ன இருக்கு?’ன்னு கேட்டாரு. தெருவுக்கே மூச்சு நின்னுபோச்சு. மூணு நாளா அத்தனை பேரு நின்னோம், ஒருத்தன் வாயிலயும் வராத கேள்வி. விக்கறவரு, ‘நான் ஒண்ணும் சொல்லலையே’ன்னாரு. இவங்கப்பா உள்ள போயிக் கடப்பாரையை எடுத்துட்டு வந்தாரு. ஒரே நெம்பு. கதவு திறந்துக்கிச்சு.”

“என்ன இருந்தது?” இதைக் கேட்டது அக்கா. தான் கேட்டது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“கோட்டு மாட்டற ஹாங்கர் ஒண்ணு” என்றார் மாமா. “இரும்பு ஹாங்கர். அதுதான் டங்கு டங்குன்னு ஆடிக்கிட்டு இருந்திருக்கு.”

அகராதியம்மா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

“அந்தப் பைத்தியக்காரன் யாரு மாமா?”

“யாரு கடை தப்பிச்சுதோ, அவன்தான்.” மாமா நடைப் பக்கம், தன் கடையைப் பார்த்துக் கையை நீட்டினார். “கல்யாணமாகி நாலு மாசம். அன்னிக்கு அந்தக் கதவு திறக்கலேன்னா நான் நடுத்தெருவுல நின்னிருப்பேன். அவரு கால்ல விழுந்திருக்கணும், இல்லையா? தெருவே என்னைப் பாத்துச் சிரிக்குது. எனக்கு அவமானம் தாங்கலே. ‘ஏய்யா, நீ மனுசனா, கடப்பாரையா?’ன்னு அவரைப் பாத்துக் கத்தினேன். எல்லாரும் என்னை விட்டுட்டு அவரைப் பாத்துச் சிரிச்சாங்க. அந்த வார்த்தை அப்படித்தான் பொறந்தது. பெத்தவன் நான். பேரு அவருக்குப் போச்சு. எழுதிட்டியாம்மா?”

அகராதியம்மா தலையாட்டினாள். அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?” என்றாள் அக்கா.

“எங்கே? அவரு போய்ச் சேர்ற வரைக்கும் முப்பது வருசம் பக்கத்துக் கடையில இருந்தோம். நடையை ஒழிச்சு விட்டேன். வெயில் காலத்துல மோட்டார் போட்டுத் தண்ணி விட்டேன். நல்ல நாளுன்னா மொதல் ஆளா வந்து நின்னேன். அவருக்குப் புரியும்னு நெனச்சேன். அவரு ஜாடை புரியற ஆளா? ஒரு நாள் என்கிட்டயே கேக்கறாரு, ‘ஏம்ப்பா, உனக்கு நடை வேணாமா?’ன்னு.”

அக்கா எழுந்து நின்றாள். சுவர்க் கடிகாரங்கள் விற்பனைக்கு இருந்த மூலையில் ஓடுகிற ஒன்று மட்டும் மூன்றரை காட்டியது. நடை என்பது அவர் கொடுத்த இரவல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அது நன்றி. எட்டு மாதமாக வந்த ஏணியும் சொல்லாத ஒரு வார்த்தை. அவள் வாங்கிய பதினாலு கண்ணாடியும் சொல்லாத ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு பூட்டின அலமாரியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாயைத் திறந்தாள். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? “மாமா, அந்த ஏணி…” என்றுதான் வந்தது.

“ஏணிக்கு என்ன?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“எனக்கு ஏணி வேணாம். உங்க கடை வேணும். எனக்கு வித்துடுங்க.”

பின்கட்டில் பாலிஷ் தேய்க்கும் சத்தம் நின்றது. மாமாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுபது வருடம் பழக்கிய முகம்.

“எந்தக் கடை?” என்றார்.

“மாமா! அப்பாவோட கடப்பாரை இன்னும் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. எடுத்துட்டு வரவா?”

அப்போதுதான் அவர் சிரித்தார். உடம்பு குலுங்க, நாற்காலி முனக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “அதே குரல்” என்றார். “அதே குரல்! எட்டு மாசமா நீ கண்ணாடியா வாங்கித் தள்ளறே, நான் ஏணியா தூக்கிட்டு வரேன். சாமி, இந்தப் பொண்ணு ஒரு தடவை கேக்கக் கூடாதான்னு… நானா வந்து சொன்னா, கடையை உன் தலையில கட்டிட்டுப் போறான்னு தெரு சொல்லும். நீ கேட்டு நான் குடுத்தா அது வேற.” ஒரு விலையைச் சொன்னார்.

நியாயமான விலை. அக்காவுக்கு அது தெரிந்தது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே? ஒரு நொடி தரையைப் பார்த்தாள். மாமாவின் கால் கட்டைவிரல் நேராக அவளைப் பார்த்து நின்றது.

“சரி மாமா. அந்தப் பதினாலு கண்ணாடியைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?”

“கண்ணாடி வித்தது வித்ததுதான்.”

“எடுத்துக்கோங்க மாமா!” என்று பின்கட்டிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“ஏழு” என்றார் மாமா.

“பத்து” என்றாள் அக்கா.

எட்டில் முடிந்தது. எட்டு கண்ணாடி திரும்பிப் போகும், ஆறு வீட்டில் இருக்கும், பல் தேய்ப்பவர்களின் கூட்டம் பாதியாகும்.

நாலு மணிக்கு அளவு நாடாக்காரன் வந்தான். மாமாவை அவர் கடையில் காணாமல், நடை வழியாகத் தேடிக்கொண்டு அக்காவின் கடைக்கே வந்து நின்றான்.

“என்ன சார், பதில் சொல்றேன்னீங்களே?”

“சொல்றேன். கடையை இவங்களுக்குக் குடுத்துட்டேன்.”

“நான்தானே சார் முதல்ல கேட்டேன்?”

“கேட்டீங்க. நாலு மணிக்குப் பதில் சொல்றேன்னேன். மணி நாலு. இதுதான் பதில்.”

அந்த ஆள் மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். தெருவுக்குப் புதியவன், ஆனால் ஊர்க்காரன். “கொஞ்சம் யோசிச்சுப் பாக்கறேன், அது இதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று நாடாவைச் சுருட்டினான். “மூஞ்சிக்கு நேரா இப்படியா சார் கடப்பாரையா சொல்லுவாங்க?”

அகராதியம்மா பரபரவென்று கடைசி அட்டையை எடுத்தாள். “கடைசியில என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை, அப்படியே சொல்லுங்க” என்றாள்.

அவன் மிரண்டுபோய் வாசலைப் பார்த்து நடந்தான். அதற்குள் அவள் எழுதிவிட்டாள்.

அந்த வார்த்தை அக்காவின் காதில் விழுந்துதான் இருந்தது. கையால் காதுமடலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. “பொருள்ல ஒண்ணு சேத்துக்கோங்க” என்றாள். “நாசூக்கில்லாம உடைக்கறதுன்னு எழுதியிருக்கீங்கல்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்காகன்னு போடுங்க.”

“சேத்துக்கறேன்” என்ற அகராதியம்மா கிளம்பாமல் நின்றாள். பக்கத்திலிருந்த ஸ்டூலை லேசாகத் தட்டினாள். “இந்த ஸ்டூலோட கால் நல்ல உறுதி, இல்லே?”

அக்கா அவள் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் மூலையிலிருந்த சின்ன எழுதுமேசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“ரொம்ப உறுதிங்க” என்றாள் அக்கா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. “உக்காருங்க. டீ சொல்றேன்.”

பின்கட்டில் அவள் கணவன் கதவுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்து, துரு போகத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் சுவரை நாளைக் காலையில் இடிக்க வேண்டும்.